ஒரு மாத்திரையும் இல்லை, டாக்டர்

பல்லைப் பிடுங்குவது சுலபம். பல்லுக்குச் சொந்தக்காரரின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்குவதற்குள்தான் எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாய் கூசாமல் "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடுகிற மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை. அது இதயத்துக்கு, பல்லுக்கு இல்லையே என்பார்கள். எலும்பு தேயாமல் இருக்க எப்போதோ ஒருமுறை போட்டுக்கொள்கிற ஊசியைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். அந்த ஊசி போட்டவருக்கு நான் பாட்டுக்குப் பல்லை எடுத்துவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். இன்னொரு ரகம் உண்டு. எனக்கு உதவி செய்வதாக நினைத்து ரத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்து, அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். பல் எடுத்த இடத்தில் ரத்தம் வந்தால் நான் பஞ்சு வைத்து நிறுத்திவிடுவேன். மூளையில் போய் ரத்தம் கட்டிக்கொண்டால் அதற்கு என்னிடம் என்ன பஞ்சு இருக்கிறது?

அதனால் நான் யாரையும் நம்புவதில்லை. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பேன். உள்ளே வந்ததும் ஒரு தடவை, நாற்காலியில் சாய்ந்ததும் ஒரு தடவை, ஊசியை நான் கையில் எடுத்த பிறகு ஒரு தடவை. ஊசியைப் பார்த்ததும் பலருக்கு ஞாபகசக்தி பொங்கிக்கொண்டு வரும். என் உதவியாளர் இந்த அறைக்கு "போலீஸ் ஸ்டேஷன்" என்று பெயர் வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கீழ்த்தாடை இடப்பக்கம் வீங்கி, முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கூட அவர் மனைவி. நகல் எடுக்கும் கடையில் வேலையாம், விரல் நுனியில் மை. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது என்னையல்ல, தலைக்கு மேலிருந்த விளக்கின் கையை.

"இந்த மூட்டுல திருகு தளர்ந்திருக்கு டாக்டர். என்னிக்காவது யார் மூஞ்சியிலயாவது விழும்."

"அதை அப்புறம் பாக்கலாம். நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சர்க்கரை, பிரஷர்?"

"அதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது?"

"அவரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டாரு டாக்டர்," என்றாள் மனைவி. "ஒண்ணும் இல்லன்னே எழுதிக்கோங்க."

நான் அவளைக் கேட்கவே இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கேட்காமல் வருகிற பதிலுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒளிந்திருக்கும்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை, ஈறுக்குக் கீழே சீழ் திரண்டு பளபளத்தது. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே நாக்குல இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. நான் இரும்போடவே கிடக்கிறவன், அதனால இருக்கும்."

"குடிப்பீங்களா?"

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டிருந்தேன். விட்டாச்சு."

மனைவி சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தை, பரீட்சைக்குப் படிப்பவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இரண்டு பேருமாகச் சேர்ந்து என் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். எதை மறைக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டால் தெரிந்துவிடப்போகிறது என்று, அவளை வெளியே உட்காரச் சொன்னேன்.

நாங்கள் வேலை தொடங்குமுன் எல்லோரையும் ஒரு மருந்து நீரால் வாய் கொப்புளிக்கச் சொல்வோம். வழக்கமாக வாங்குவது கிடைக்காமல், அந்த வாரம் வேறொரு பாட்டில் வந்திருந்தது. மூடியைத் திறந்தாலே ஸ்பிரிட் வாடை குப்பென்று அடிக்கும். உதவியாளர் அதைச் சின்னக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, "கொஞ்ச நேரம் வாயில வச்சிருந்து துப்பிடுங்க" என்றாள். நான் திரும்பி நின்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி திரும்பியபோது கோப்பை காலி. துப்புகிற கிண்ணம் காய்ந்து கிடந்தது.

"துப்பலையா?"

"தெரியாம உள்ள போயிடுச்சு டாக்டர்," என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

கைதேர்ந்த மெக்கானிக்குக்குத் துப்பத் தெரியவில்லை என்று நான் மனதுக்குள் எரிச்சல்பட்டுக்கொண்டேன். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் அவர் கழுத்து சிவந்தது. சிவப்பு கன்னத்துக்கு ஏறி, காது மடல்கூடக் கனன்றது. "தலை விண்ணு விண்ணுங்குது டாக்டர்" என்றவர், எழ முயன்று, துப்பாத கிண்ணத்திலேயே வாந்தி எடுத்தார். நாடி ஓட்டமாய் ஓடியது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்திவிட்டு, ஆக்சிஜனை மாட்டினேன். அவசரப் பெட்டியைத் திறந்து ஒவ்வாமைக்கான ஊசியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன். ஆனால் தோலில் தடிப்பு இல்லை, உதடு வீங்கவில்லை, மூச்சில் இழுப்பு இல்லை. ஒவ்வாமை இப்படியா இருக்கும்?

சத்தம் கேட்டு மனைவி உள்ளே ஓடி வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அதுவரை இருந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"குடிச்சியா? எங்க குடிச்ச? சொல்லு, யாரு குடுத்தா உனக்கு?"

"இல்லடி... சத்தியமா இல்ல."

"மூஞ்சி சொல்லுதே! என்கிட்டயே மறைக்கிறியா?"

உதவியாளர் அவளை விலக்கி வெளியே அழைத்துப் போனாள். நான் அவர் நாடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. சிறிது சிறிதாகச் சிவப்பு வடிந்தது, அழுத்தம் ஏறியது, துடிப்பு நிதானத்துக்கு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உதவியாளரை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் கை கழுவப் போனேன். கழுவிக்கொண்டே யோசித்தேன்.

இத்தனை வருடத்தில் என் நாற்காலியில் மயங்கியவர்கள் பலர். அவர்களுடைய மனைவிமார், கணவன்மார், அம்மாக்கள் எல்லோரும் முதலில் பாய்வது என்மேல்தான். "என்ன ஊசி போட்டீங்க? என்ன பண்ணீங்க அவரை?" என்று அந்தத் தெருவே கேட்கும்படி கத்துவார்கள். இவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் கணவன் சிவந்து வாந்தி எடுத்தால், குடித்திருப்பான் என்று எந்த மனைவிக்குத் தோன்றும்? குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று யாரோ முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால்தான் தோன்றும். குடியை நிறுத்துவதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் சாராயம் போனாலும் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். நாக்கில் இரும்பு ருசியும் வரும். கொப்புளிக்கிற நீரில் இருக்கும் ஸ்பிரிட்டே போதும்.

அவளை எக்ஸ்ரே அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அறை அது. கைப்பையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அவர் என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேனே டாக்டர்."

"சரி. அவருக்கு உள்ள சீழ் கட்டியிருக்கு. இந்த மாதிரி சீழுக்கு நான் வழக்கமா எழுதற மாத்திரை ஒண்ணு இருக்கு. குடியை நிறுத்தற மருந்து உடம்புல இருக்கும்போது அதைச் சேர்த்துக் குடுத்தா புத்தி தடுமாறிப் போகலாம். இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். யாரோ துரத்தறாங்கன்னு ஓடுவாங்க." பேனாவை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தேன். "அவர் ஒண்ணும் சாப்பிடலன்னா பயமே இல்ல. எழுதட்டுமா?"

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் போட்டு வாங்குகிறேனா, நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று எடைபோடுவது தெரிந்தது. நான் முதல் எழுத்தை எழுதினேன்.

"வேணாம் டாக்டர்!" என் கையைப் பிடித்துவிட்டாள். "அவரு நாளைக்கு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கணும்."

பிறகு எல்லாம் வந்தது. முன்பு ஒரு டாக்டர் அந்த மாத்திரையை எழுதித்தான் கொடுத்தாராம். இவள் தினமும் கையில் கொடுத்தாள். அவர் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, குழாயைத் திறந்துவிட்டுத் துப்பியிருக்கிறார். ஒருநாள் குடித்துவிட்டு, ஓடுகிற லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்திருக்கிறார். கால் இடறியபோது கூட இருந்தவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். மாத்திரையும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், நானே விடுகிறேன் என்று அவர் சத்தியம் செய்தாராம். இவள் அந்தச் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலக்க ஆரம்பித்துவிட்டாள். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

"அதனால அவரு சாப்பிடலன்னு நான் சொன்னது பொய் இல்ல டாக்டர். நான்தானே குடுக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்த மருந்து சில பேருக்குக் கல்லீரலைக் கெடுக்கும், தெரியுமா? அப்பப்ப ரத்தம் எடுத்துப் பார்க்கணும். இருமல் மருந்துலகூட சாராயம் இருக்கும். விவரம் தெரியாம யாராவது ஒரு ஸ்பூன் குடுத்தா என்ன ஆகும்? இன்னிக்கு என் கையாலயே நடந்துதே!"

"தெரியும் டாக்டர். தினம் காபியை அவரு குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருப்பேன். சொல்லிடாதீங்க. தெரிஞ்சா விஷம் வச்சிட்டேன்னு சொல்லி வீட்டை விட்டே போயிடுவாரு. போனா, நேரா எங்க போவாருன்னு எனக்குத் தெரியும்."

"அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. உடம்பு அவரோடது. அதுக்குள்ள என்ன போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். மாடியில கிளினிக் வச்சிருக்கற டாக்டருக்கும் நான் சொல்லியாகணும். அவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்."

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்ப என் குடும்பம் இன்னியோட சரி" என்றாள். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு வெளியே வருவது எனக்குக் கொடுமையாக இருந்தது. ஆனாலும் வந்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பாவம், இந்த மனிதர் நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர், இவரைப் போய்ப் பொய்யர் என்று நினைத்தோமே என்று எனக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது.

"நீங்க பதறக் கூடாது. உங்க உடம்புல ஒரு மருந்து இருக்கு. உங்களுக்கே தெரியாம..."

"காபியிலதானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மெதுவாப் பேசுங்க டாக்டர். அவ காது பாம்புக் காது." கதவைப் பார்த்துக்கொண்டார். "ஒருநாள் ஸ்பேனரை மறந்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அடுப்படியில ஸ்பூனை வச்சு நசுக்கிட்டிருந்தா. அதே மாத்திரை. என்னைப் பாக்கல. எனக்கு ரத்தம் கொதிச்சுது. மறுநாள் காலைல டம்ளரைச் செவுத்துல அடிக்கணும்னுதான் வாங்கினேன். அவ பக்கத்துல நின்னு என் தொண்டையையே பாத்துட்டிருந்தா. குடிச்சிட்டேன். அன்னியிலேர்ந்து குடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியும்னு அவங்ககிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆகும்? அப்பாடான்னு மாத்திரையை என் கையில குடுத்துடுவா. இனிமே மனுஷன் திருந்திட்டான்னு நம்பிடுவா." தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைக்குள்ளெல்லாம் கிரீஸ் கறுப்பு. "கையில குடுத்தப்ப துப்பினவன் நான்தானே டாக்டர்? நாங்க லிஃப்ட்டுல கயிறை நம்பி ஆளை ஏத்தறதில்ல. கயிறு அறுந்தா கவ்விப் பிடிக்க அடியில ஒரு பிரேக் இருக்கும். கயிறு எவ்வளவு புதுசா இருந்தாலும் அந்த பிரேக்கைக் கழட்டமாட்டோம். அவ நம்ப ஆரம்பிச்சா நான் தொலைஞ்சேன்."

எனக்குள் இருந்த போலீஸ்காரி மறுபடி தலைதூக்கினாள். "அப்ப இன்னிக்கு அந்தக் கோப்பை? சாராயம் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமே. வாடையே சொல்லியிருக்குமே. தெரியாம உள்ள போயிடுச்சுன்னு சொன்னீங்க."

அவர் முகம் மறுபடியும் சிவந்தது. இந்தத் தடவை அது மருந்தால் அல்ல.

"மூக்குகிட்ட கொண்டு வந்ததும் வாடை வந்துது. துப்பணும்னுதான் நினைச்சேன். மாத்திரை உள்ள இருக்கு, சாகக்கூட செய்வோம்னும் தெரியும். தெரிஞ்சேதான் முழுங்கினேன். அவ வெளிய இருந்தா. இத்தனை நாள் கழிச்சு, ஒரு மூடி அளவு தண்ணியைத் துப்ப முடியல டாக்டர் என்னால."

இத்தனை காலம் பொய்யை முகர்ந்து பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டபோது, ஏன்டா பிடித்தோம் என்றிருந்தது. அவர் தோளில் கை வைத்தேன். பிறகு, என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். அவர் முன்னிலையிலேயே மாடி டாக்டருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு வருவதாகவும், மருந்து இனி அந்த டாக்டர் சொல்கிற அளவில்தான் என்றும் அவரும் போனை வாங்கி ஒப்புக்கொண்டார். மாடி டாக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகு, உதட்டையும் ஈறையும் மரக்கவைத்துச் சீழைக் கீறி வெளியேற்றினேன். எழுத இருந்த மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மருந்தோடு சண்டை போடாத வேறொன்றை எழுதினேன். பல்லை வீக்கம் வடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். புதுப் பாட்டிலை உதவியாளர் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடுவீங்களா?" என்றார், மரத்த வாயோடு குழறிக்கொண்டு.

"தெரியாது," என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இவர் கெஞ்சுகிறார் என்பதற்காகக் கற்றுக்கொள்ளவும் எனக்கு மனமில்லை.

கதவைத் திறந்தேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கைப்பையின் வார் அவள் பிடித்த பிடியில் முறுக்கிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா, வீட்டை விட்டுப் போகிற முகமா என்று தேடினாள். அவர் சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் மருந்துச்சீட்டைக் கொடுத்து, எதெது கூடாது என்று சொன்னேன். இருமல் மருந்து கூடாது, கடையில் விற்கிற வாய் கொப்புளிக்கும் நீர் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் காபியில் கலக்கிற மருந்தைப் பற்றி அவள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை என்று தெரிந்ததால் மறுபடி ஒருமுறை சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"என்ன சொன்னாரு டாக்டர்? இனிமே நான் என்ன பண்ணணும்?"

அவளிடம் சொல்வதற்கு உண்மையாக ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"அவரை நம்பாதீங்கம்மா," என்றேன். "எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி, யாரு வந்து சொன்னாலும் சரி. நம்பிடாதீங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த தாடை தளர்ந்தது.

"நம்பறதா, இவரையா?" என்றாள். உள்ளே போய், மரத்துப்போன உதட்டோரம் அவருக்கே தெரியாமல் வழிந்துகொண்டிருந்த எச்சிலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.